அருணகிரிநாதருக்கு வந்த நோய் எது? தெரு, வீடு, 200 மீட்டர் பற்றி ஒரு நீண்ட இழை

திருவண்ணாமலைக்கு வந்தவங்க எல்லாரும் கோயிலுக்குள்ள வல்லாள மகாராஜன் கோபுரத்தைப் பார்த்திருப்பீங்க. அந்தக் கோபுரத்தின் மேலிருந்துதான் அருணகிரிநாதர் குதித்தார், முருகன் தாங்கிப் பிடித்தார் என்பது ஊர்க்கதை. 1964-ல் டி.எம்.சௌந்தரராஜன் நடிச்ச 'அருணகிரிநாதர்' படம் பார்த்தவங்களுக்கு மீதிக் கதையும் தெரியும். தாசி வீடே கதி என்று கிடந்தார், சொத்தெல்லாம் அழிந்தது, உடம்பெல்லாம் தொழுநோய் வந்தது, வாழ்க்கை வெறுத்துக் கோபுரம் ஏறினார்.

ஒரு டாக்டரா இந்தக் கதையில எனக்கு இடிக்கிற இடம் ஒண்ணு இருக்கு. தொழுநோய் உடலுறவால் வருகிற நோயே இல்லை. சிகிச்சை எடுக்காத நோயாளியோடு நீண்டகாலம் நெருங்கிப் பழகும்போது மூச்சுத் துளிகள் வழியாகப் பரவும். கிருமி உடம்புக்குள் போய் அறிகுறி தெரிய சராசரியா 5 வருஷம் ஆகும், சிலருக்கு 20 வருஷம்கூட ஆகும். அவருக்கு அது வந்திருந்தால் அம்மா மடியிலிருந்து வந்திருக்கலாம், திண்ணையில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடமிருந்து வந்திருக்கலாம்.

'அப்போ சிபிலிஸா இருக்குமோ டாக்டர்?' என்று கேட்பீங்க. அதுவும் கணக்கு உதைக்குது. அருணகிரிநாதர் 15-ஆம் நூற்றாண்டு. சிபிலிஸ் ஐரோப்பாவில் பெருசா வெடித்ததே 1490-களில். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கியது 1498-ல். நம்ம ஆட்கள் அந்த நோய்க்கு வெச்ச பேரே 'பறங்கிப்புண்'. வெள்ளைக்காரன் கொண்டு வந்தது என்று பேரிலேயே முத்திரை குத்திட்டாங்க. 16-ஆம் நூற்றாண்டு சமஸ்கிருத வைத்திய நூலான பாவப்பிரகாசமும் அதை 'பிரங்க ரோகம்' என்றுதான் சொல்லுது.

ஆக, நோய் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் கதை மட்டும் நேரா தாசி வீட்டு வாசலைக் கைகாட்டுது. மருத்துவம் படிச்ச பிறகு கவனிச்சுப் பார்த்தா, கதை மட்டும் இல்லை, அரசாங்கங்களும் என்னை மாதிரி டாக்டர்களும் அதே வாசலைத்தான் திரும்பத் திரும்பக் கைகாட்டியிருக்கோம்.

இந்த இழை அந்தப் பெண்களைப் பற்றியது. குறிப்பா ஒரு கேள்வி: தெருவில் நின்று பாலியல் தொழில் செய்யும் பெண்ணுக்கும், வீட்டுக்குள்ளோ லாட்ஜ் அறையிலோ செய்யும் பெண்ணுக்கும் என்ன வித்தியாசம்? அந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? முன்னாடியே சொல்லிடறேன். இங்கே நான் பேசுவது வயது வந்த பெண்களைப் பற்றி மட்டும். குழந்தைகளைக் கொண்டு வருவதும், ஏமாற்றிக் கடத்துவதும் குற்றம், அதில் இரண்டாவது கருத்துக்கு இடமே இல்லை.

சரி, கோபுரத்துக்குப் பேர் கொடுத்த வல்லாள மகாராஜாவிடமே போவோம். ஹொய்சள மன்னர் மூன்றாம் வல்லாளன், 14-ஆம் நூற்றாண்டில் திருவண்ணாமலையைத் தலைநகராக வைத்திருந்தவர். அவரைப் பற்றிய புராணக் கதை நம்ம பக்கத்துத் தெருக்கூத்தில் இன்னைக்கும் விடிய விடிய நடக்கும். ராஜாவைச் சோதிக்க சிவன் ஒரு அடியாராக வருகிறார். இன்றிரவு எனக்கு ஒரு தாசி வேண்டும் என்கிறார். ராஜா ஆள் அனுப்புகிறார். தாசித் தெருவில் ஒருத்தர்கூட வர முடியாது. ஏன்னா சிவகணங்கள் முன்னாடியே போய் ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் உட்கார்ந்திருக்கு. வேறு வழியில்லாமல் ராணி சல்லமாதேவி போகிறாள், அடியார் குழந்தையாக மாறிவிடுகிறார். பிள்ளையில்லாத ராஜாவுக்குப் பிள்ளையான அந்த அண்ணாமலையார், இன்னைக்கும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய் ராஜாவுக்குத் திதி கொடுத்துட்டு வர்றார்.

பக்தியை அப்படியே வெச்சுக்கோங்க. நான் பார்ப்பது இன்னொன்றை. இந்தக் கதையில் தாசிக்குத் தெரு இருக்கு, தெருவில் வீடு இருக்கு, வீட்டுக்குக் கதவு இருக்கு. உள்ளே ஆள் இருந்தால் ராஜாவே ஆள் அனுப்பினாலும் கதவு திறக்கலை. ராஜாவும் உடைக்கச் சொல்லலை.

கதையை விட்டுட்டுக் கல்வெட்டுக்குப் போனா இன்னும் தெளிவா இருக்கு. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தியதைக் கல்லில் வெட்டி வெச்சிருக்கார். ஒவ்வொருத்தர் பேர், எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தத் தெரு, எந்தச் சிறகு, எத்தனாவது வீடு, எல்லாம் இருக்கு. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். தயவு செய்து இவர்களை இன்றைய அர்த்தத்தில் பாலியல் தொழிலாளிகள் என்று எடுத்துக்காதீங்க. ஆடவும் பாடவும் கோயில் வேலை பார்க்கவும் வந்தவர்கள். சோழர் காலக் கல்வெட்டுகளில் தேவரடியார்கள் கோயிலுக்கு நிலமும் பொன்னும் கொடுத்தவர்களாகவும் வருகிறார்கள். பிற்காலத்தில் அந்த அமைப்பு எப்படி மாறிச்சு, அதில் எத்தனை சிறுமிகள் சிக்கினாங்க என்பது தனிக் கதை. நான் இங்கே சொல்ல வந்தது, ஆயிரம் வருஷத்துக்கு முந்தி இந்தப் பெண்களுக்குக் கல்லில் வெட்டிய விலாசம் இருந்தது. இந்த 'விலாசம்' என்ற சொல்லை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அப்புறம் கம்பெனிக்காரன் வந்தான், பட்டாளம் வந்தது, பட்டாளத்தோடு பறங்கிப்புண்ணும் வந்தது. சிப்பாய் படுக்கையில் விழுந்தால் அரசாங்கத்துக்கு நஷ்டம். அதனால் 1805-லேயே சென்னை மாகாணத்தில் 'லாக் ஹாஸ்பிடல்' ஆரம்பிச்சாங்க. பேருக்கு ஏத்த மாதிரிதான்: நோய் இருக்கு என்று சந்தேகப்பட்ட பெண்ணை உள்ளே வைத்து, குணமாச்சு என்று டாக்டர் சொல்லும்வரை வெளியே விடமாட்டாங்க. 1868-ல் தொற்றுநோய்ச் சட்டம் என்று ஒன்று. பெண்கள் பேரைப் பதிவு செய்யணும், சீட்டு வாங்கணும், குறிப்பிட்ட நாளில் வந்து உடம்பைக் காட்டணும், தவறினால் தண்டனை. அவளிடம் வந்துபோகும் ஆணுக்கு இந்தச் சட்டத்தில் பரிசோதனை கிடையாது. கொசு ஒழிப்பு மாதிரி நினைச்சுட்டாங்க போல, கிருமி ஒரு பக்கம்தான் பறக்கும் என்று.

அந்தக் காலத்து சிகிச்சை என்ன தெரியுமா? பாதரசம். பல் ஆடும், வாயில் எச்சில் ஊற்றெடுக்கும், சிறுநீரகம் கெடும். சிபிலிஸுக்கு பென்சிலின் வேலை செய்கிறது என்று உலகத்துக்குத் தெரிந்ததே 1943-ல். அதாவது அந்த ஆஸ்பத்திரிகளில் பூட்டு உண்டு, மருந்து கிடையாது.

விளைவு நீங்களே ஊகிக்கலாம். பதிவு செய்த பெண்கள் வீட்டில் இருந்தால் போலீஸ் வரும், ஆஸ்பத்திரி வண்டி வரும். அதனால் வீட்டைவிட்டு விலகினாங்க. கன்டோன்மென்ட் எல்லைக்கு வெளியே, தோப்பு, புதர், சாலையோரம். அதிகாரிகளின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் புலம்பல், பதிவுக்கு வராத பெண்களைப் பிடிக்க முடியலை என்பதுதான். 1888-ல் சட்டத்தையே எடுத்துட்டாங்க. வீட்டுக்குள்ளே இருந்தால் தொந்தரவு, வெளியே போனால் தப்பிக்கலாம் என்ற பாடத்தை இந்தத் தொழிலுக்கு அரசாங்கம் எழுதிக் கொடுத்தது நான் படிச்சவரையில் அப்போதான்.

20-ஆம் நூற்றாண்டுக்கு வருவோம். இங்கே ஒரு டாக்டரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது: முத்துலட்சுமி ரெட்டி. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், 1927-ல் சென்னை சட்டமன்ற மேலவைக்குப் போனவர். அவருடைய தாயார் சந்திரம்மாள் தேவதாசிச் சமூகத்தில் பிறந்தவர். சிறுமிகளைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க அவர் தொடங்கிய போராட்டம் 1947-ல் சட்டமானது. பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்றவர்கள் அதை எதிர்த்து, எங்கள் கலையையும் சொத்துரிமையையும் சேர்த்து அழிக்காதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். எனக்குக் கேட்டால், சிறுமிகள் விஷயத்தில் முத்துலட்சுமி ரெட்டி பக்கம்தான் நிற்பேன். ஆனால் நாகரத்தினம்மாள் கேட்டதற்கு யாரும் ஒழுங்கா பதில் சொல்லலை என்பதும் உண்மை.

இதற்கு நடுவில், 1930-ல் சென்னை மாகாணத்தில் விபச்சாரத் தடைச் சட்டம் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1956-ல் நாடு முழுக்க ஒரு சட்டம், அது 1986-ல் திருத்தப்பட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கு. பேப்பரில் 'பிராத்தல் வழக்கு' என்று படிக்கிறீங்களே, அதெல்லாம் இந்தச் சட்டம்தான்.

இந்தச் சட்டத்தைப் பொறுமையா படிச்சுப் பாருங்க, ஆச்சரியமா இருக்கும். பாலியல் தொழில் செய்வது குற்றம் என்று அதில் எங்கேயும் இல்லை! சுத்தி இருப்பது எல்லாம் குற்றம். பிராத்தல் நடத்துவது குற்றம். பிராத்தல் என்றால் என்ன? இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்து ஒரு இடத்தைப் பயன்படுத்துவதும் அதில் அடங்கும். அதாவது ஒருத்தி தனியா தன் வீட்டில் இருந்தால் அது பிராத்தல் ஆகாது. பாதுகாப்புக்கு ஒரு தோழியைக் கூட வெச்சுக்கிட்டா பிராத்தல் ஆகிவிடலாம்.

எட்டாவது பிரிவு: தெருவில் நின்று அழைத்தால் குற்றம். பெண்ணுக்கு முதல் தடவையே 6 மாசம் வரை சிறை. அதே குற்றத்தை ஆண் செய்தால் 7 நாளிலிருந்து 3 மாசம். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்காதீங்க, எனக்குத் தெரிந்த வக்கீல்களிடம் கேட்டும் புரியலை.

ஏழாவது பிரிவுதான் நம்ம ஊருக்கு முக்கியம். வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், விடுதி, மருத்துவமனை இவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடந்தால் பெண்ணுக்கும் வந்தவருக்கும் 3 மாசம் வரை சிறை.

இப்போ திருவண்ணாமலை வரைபடத்தை மனசுக்குள்ள விரிங்க. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அதில் எட்டு திசைக்கு எட்டு லிங்கம்: இந்திர லிங்கம், அக்னி, எம, நிருதி, வருண, வாயு, குபேர, ஈசான்ய லிங்கம். நடுவில் ரமணாசிரமம், மற்ற ஆசிரமங்கள், சின்னதும் பெருசுமா சன்னதிகள், மடங்கள், பள்ளிகள், ஆஸ்பத்திரிகள். ஒவ்வொன்றையும் மையமா வெச்சு 200 மீட்டர் வட்டம் போட்டுப் பாருங்க. வட்டத்துக்கு வெளியே ஊரில் என்ன மிச்சம்? இந்தச் சட்டத்தின்படி கோயில் ஊரில் வாழும் பாலியல் தொழிலாளிக்கு வீட்டுக்குள்ளேயும் இடம் இல்லை, தெருவிலும் இல்லை. வயல்வெளியோ ஏரிக்கரையோதான்.

அந்த ஏரிக்கரைதான் ஒரு டாக்டரா எனக்குக் கவலை. ஏன் என்று சொல்றேன்.

தெருவில் நிற்கும் பெண்ணுக்கு இருக்கும் பெரிய பிரச்சினை நேரம். வரும் ஆளைப் பார்த்து, குடிச்சிருக்கானா, தனியா வந்தானா, கண்ணு எப்படி இருக்கு என்று எடைபோட அவளுக்கு ஒரு நிமிஷம்கூடக் கிடைக்காது. போலீஸ் ஜீப் வெளிச்சம் தெரியுது, சட்டுன்னு வண்டியில் ஏறியாகணும். ஏறிய பிறகு பேரம் எங்கே? ஆணுறை இல்லாமல் வா, நூறு ரூபாய் கூடத் தர்றேன் என்பவனிடம் வாதாட வெளிச்சமும் இல்லை, சத்தம் போட்டால் வர ஆளும் இல்லை. பையில் ஆணுறை வெச்சிருந்தா அதையே சாட்சியா காட்டுவாங்க என்று பயந்து வெறும் கையோடு நிற்பவர்களும் உண்டு. தண்ணீர் கிடையாது, கழிப்பறை கிடையாது. மணிக்கணக்கில் சிறுநீரை அடக்குவார்கள். சிறுநீர்த் தொற்று, அடிவயிற்று வலி, சிகிச்சையில்லாத வெள்ளைப்படுதல், அதனால் பின்னாடி கருக்குழாய் அடைப்பு. இதெல்லாம் 'ஒழுக்கக்கேட்டின்' நோய்கள் இல்லை, தண்ணீரும் கதவும் இல்லாததன் நோய்கள்.

ஓபி சீட்டில் விலாசம் என்ற கட்டத்தில் இவர்களில் பலர் ஒவ்வொரு தடவையும் ஒரு ஊர் பேர் சொல்வார்கள். போன தடவை போளூர், இந்தத் தடவை செங்கம். மருந்து முழுசா சாப்பிட்டாங்களா என்று தேடிப்போக முடியாது.

இங்கிலாந்தில், ஸ்காட்லாந்தில் ஒரு ஆய்வு நடந்தது. லீட்ஸ், கிளாஸ்கோ, எடின்பரோ மூன்று நகரங்களில் 240 பெண்கள், 2001-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. தெருவில் வேலை செய்தவர்களில் 81 சதவீதம் பேர் வாடிக்கையாளரின் வன்முறையைச் சந்தித்திருந்தார்கள். உள்ளே வேலை செய்தவர்களில் 48 சதவீதம். 48-ம் கொடுமைதான், குறைச்சல் இல்லை. ஆனால் அந்த இடைவெளியைப் பாருங்க.

'தெருவுக்கு வர்ற பெண்கள் ஏற்கெனவே ரொம்ப ஏழைகளா, போதைக்கு அடிமையா இருப்பாங்க, அதனால அப்படி இருக்கலாமே?' நியாயமான கேள்வி. இடத்தை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் இரண்டு மூன்று சான்றுகள் இருக்கு. அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் என்று ஒரு குட்டி மாநிலம். 1980-ல் சட்டம் திருத்தும்போது ஒரு ஓட்டை விழுந்து, 2003-ல் ஒரு நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகுதான் எல்லாருக்கும் தெரிய வந்தது: அங்கே வீட்டுக்குள் நடக்கும் தொழில் குற்றமே இல்லை, தெருவில் நடந்தால்தான் குற்றம். 2009-ல் ஓட்டையை அடைத்தார்கள். நடுவில் இருந்த ஆறு வருஷத்தைப் பொருளாதார ஆய்வாளர்கள் அலசினார்கள். மாநிலத்தில் பதிவான பாலியல் வன்கொடுமைகள் சுமார் 30 சதவீதம் குறைந்திருந்தன. பெண்களிடம் கொனோரியா 40 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. மாநிலம் முழுக்க, எல்லாப் பெண்களையும் சேர்த்து!

நெதர்லாந்தில் வேற மாதிரி செஞ்சாங்க. தெருவில் நிற்பவர்களை உள்ளே தள்ளாமல், தெருவிலேயே விளக்கு, காவல், மருத்துவ உதவியோடு தனி இடம் ஒதுக்கினார்கள். அப்படித் திறந்த நகரங்களில் முதல் இரண்டு வருஷத்தில் பாலியல் வன்கொடுமை 30 முதல் 40 சதவீதம் குறைந்தது என்று 2017-ல் வந்த ஆய்வு சொல்லுது. அதே தெரு, அதே மாதிரி பெண்கள்.

உடனே 'அப்போ எல்லாரும் வீட்டுக்குள்ளே போயிட்டா சரியாயிடுமா'ன்னு கேட்காதீங்க. வீட்டுக்கு வீடு வித்தியாசம் இருக்கு. அடுத்தவன் கையில் சாவி இருக்கும் வீட்டில் அவளுக்குக் கடன் இருக்கும், ஒரு நாளைக்கு எத்தனை பேர் என்பதை அவள் முடிவு செய்ய முடியாது, வருமானத்தில் பெரும்பங்கு போய்விடும், வெளியே போகவே முடியாத இடங்களும் உண்டு. தெருவில் நிற்பவள் வாங்கும் பணம் அவள் இடுப்பில் இருக்கும், பிடிக்கலைன்னா அடுத்த பஸ் ஏறிடலாம், சாயங்காலம் பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வருவதற்குள் வீட்டுக்குப் போய் உலை வைத்துவிடலாம். தெருவை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டால் இதைத்தான் பலர் சொல்வார்கள். தவிர, நம்ம ஊரில் இந்தப் பிரிவே நிலையானது இல்லை. பகலில் பஸ் ஸ்டாண்டில் நின்றவள், மழைக்காலத்தில் லாட்ஜில் இருப்பாள், போன் வாங்கிய பிறகு எங்கேயும் நிற்காமல் போனிலேயே பேசி முடித்துக்கொள்வாள். தெருப்பெண், வீட்டுப்பெண் என்று இரண்டு ஜாதி கிடையாது. ஒரே பெண்தான், அன்னைக்கு எந்தக் கதவு திறந்திருந்ததோ அங்கே இருப்பாள்.

இனி 1986. தமிழ்நாட்டு மருத்துவ வரலாற்றில் பெரிய வருஷம், எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது.

சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமன். அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா, 32 வயசு. எய்ட்ஸ் அமெரிக்காவில் வந்து நாலைந்து வருஷம் ஆச்சு, இந்தியாவில் இல்லை, இது வெளிநாட்டுக்காரன் நோய் என்று எல்லாரும் மார்தட்டிக்கிட்டிருந்த நேரம். பாலியல் தொழிலாளிகளிடம் ரத்த மாதிரி எடுத்துப் பார் என்று பேராசிரியர் சொல்கிறார். 200 மாதிரி வேண்டும்.

நிர்மலாவுக்கு முதல் சிக்கல் என்ன தெரியுமா? எங்கே போறது? மும்பைக்குக் காமாட்டிபுரா, கொல்கத்தாவுக்கு சோனாகாச்சி. போய் நின்றால் ஆயிரம் கதவு. சென்னையில் அப்படி ஒரு தெருவே கிடையாது. இந்தப் பெண்களுக்கு விலாசம் இல்லை. (ராஜராஜன் கல்வெட்டை நினைச்சுக்கோங்க.) அரசு பொது மருத்துவமனைக்குப் பால்வினை நோய் சிகிச்சைக்கு வந்த பெண்களோடு பேசிப் பழகி, அவர்கள் வழியாகத்தான் மற்றவர்கள் எங்கே என்று கண்டுபிடித்தார். எங்கே இருந்தார்கள்? போலீஸ் பிடித்து அடைத்து வைத்திருந்த அரசுக் காப்பகத்தில். தமிழ்நாட்டில் பாலியல் தொழிலாளிகள் மொத்தமாக ஒரு கூரையின் கீழ் கிடைத்த ஒரே இடம் அதுதான்!

கையுறைகூட இல்லாமல் ரத்தம் எடுத்தார். பரிசோதனை வசதி சென்னையில் இல்லை. மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். கணவரோடு ராத்திரி ரயிலில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டு போனார். 1986 பிப்ரவரியில் 6 மாதிரிகள் மஞ்சளாக மாறின. திரும்பச் சோதித்தும் அதேதான். சட்டமன்றத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் ஹண்டே அறிவித்தார். இந்தியாவில் எச்ஐவி இருப்பது அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது.

இரண்டு மருத்துவர்களின் பெருமை இது, சந்தேகமில்லை. சுனிதி சாலமன் அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க எச்ஐவி நோயாளிகளுக்காக உழைத்தவர். ஆனால் அந்த ஆறு பெண்களுக்கு இந்தக் கண்டுபிடிப்பால் உடனே என்ன கிடைத்தது? மருந்து அப்போ உலகத்திலேயே இல்லை. கிடைத்தது பேர். எச்ஐவி இருக்கு என்ற காரணத்துக்காகவே காப்பகத்தில் காலம் முடிந்தும் வெளியே விடாமல் பெண்களை வைத்திருந்த சம்பவங்களும் நடந்தன, நீதிமன்றம் வரை போய்த்தான் கதவு திறந்தது. 1805 லாக் ஹாஸ்பிடலுக்கும் இதற்கும் நடுவில் 180 வருஷம் ஓடியிருக்கு.

பிறகு நல்லதும் நடந்தது. கொல்கத்தா சோனாகாச்சியில் 1992-ல் ஸ்மரஜித் ஜனா என்ற டாக்டர் ஒரு வேலையை ஆரம்பித்தார். ஆணுறை விளக்கம் கொடுக்க டாக்டர் போக வேண்டாம், அந்தத் தொழிலில் இருக்கும் பெண்களே பச்சை கோட்டு போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போகட்டும் என்றார். ஒரு வீட்டில் பத்துப் பெண்களும் சேர்ந்து ஆணுறை இல்லாமல் முடியாது என்றால், வந்தவன் எங்கே போவான்? அது பலித்தது. கதவுகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததால் பலித்தது என்பது என் கருத்து.

தமிழ்நாட்டில் அதை அப்படியே காப்பி அடிக்க முடியலை. தட்டுவதற்குக் கதவு இல்லையே! 1994-ல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் தொடங்கியது, 1995-ல் அமெரிக்க உதவியோடு வி.எச்.எஸ். நிறுவனத்தின் திட்டம் வந்தது. களப்பணியாளர்கள் பஸ் ஸ்டாண்ட், சினிமா தியேட்டர், லாரி நிற்கும் தாபா, மார்க்கெட் என்று இடங்களைக் குறித்து, அங்கே நிற்கும் பெண்களிலிருந்தே ஒருத்தரைச் சகதோழியாகப் பயிற்சி கொடுத்தாங்க. பெட்டிக்கடைக்காரர், டீக்கடைக்காரர், ஆட்டோ அண்ணன், லாட்ஜ் பையன், எல்லாரும் ஆணுறை விநியோகஸ்தர் ஆனார்கள். புள்ளிராஜா விளம்பரம் ஞாபகம் இருக்கா? ஊரே சிரிச்சது. ஆனா அதில் ஒரு விஷயம் கவனிச்சீங்களா? நூற்றாண்டுக் கணக்கா பெண்ணையே கைகாட்டின விரல், முதல் தடவையா போறவன் பக்கம் திரும்பிச்சு.

2000-லிருந்து 2004-க்குள் தென்மாநிலங்களில் 15 முதல் 24 வயதுக் கர்ப்பிணிகளிடம் எச்ஐவி 1.7 சதவீதத்திலிருந்து 1.1 ஆகக் குறைந்தது என்று லான்செட் இதழில் 2006-ல் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிவு. அந்தக் கர்ப்பிணிகளில் பெரும்பாலோர் இந்தத் தொழில் பக்கமே போகாத இல்லத்தரசிகள். பஸ் ஸ்டாண்டில் நின்ற ஒருத்தி வேண்டாம் என்று சொன்னதில் இவர்களுக்கும் பங்கு இருக்கு. அவளுக்கு யாரும் நன்றி சொன்னதா எனக்குத் தெரியலை.

இப்போ இந்தத் திட்டங்களுக்குப் புதுத் தலைவலி செல்போன். பெண்கள் தெருவிலிருந்து போனுக்குப் போயிட்டாங்க. தெருவில் நின்றபோது சகதோழி பார்த்து ஒரு பாக்கெட் கொடுத்துவிட்டுப் போவாள், ரத்தப் பரிசோதனைக்கு வாடி என்று இழுத்துக்கொண்டு போவாள். போனில் இருப்பவளை எப்படித் தேடுவது? வாடகை வீட்டில் தனியா, பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் தொழில் செய்யும் பெண் போலீஸுக்கும் தெரியமாட்டாள், களப்பணியாளருக்கும் தெரியமாட்டாள். அடி விழுந்தாலும் யாருக்கும் தெரியாது. கதவு இருக்கு, ஆனால் யாரும் தட்டாத கதவு.

2022 மே 19-ல் உச்ச நீதிமன்றம் புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் ஒரு உத்தரவு போட்டது. வயது வந்து, தன் விருப்பத்தில் இந்தத் தொழிலில் இருப்பவரைச் சோதனையின்போது கைது செய்யவோ தொந்தரவு செய்யவோ கூடாது, பிராத்தல் நடத்துவதுதான் சட்டவிரோதம் என்றது. பாலியல் தொழிலாளி வன்கொடுமைப் புகார் கொடுத்தால் மற்றப் பெண்களுக்குக் கிடைக்கும் அதே மருத்துவ உதவி அவருக்கும் கிடைக்கணும் என்றது. இன்னொன்றும் சொன்னது: விலாச ஆதாரம் கேட்காமல், தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் அதிகாரி அல்லது மாநிலச் சங்கத்தின் திட்ட இயக்குநர் கொடுக்கும் சான்றை வைத்து இவர்களுக்கு ஆதார் கொடுங்கள், அட்டையில் தொழில் தெரியக் கூடாது.

ஏழாவது, எட்டாவது பிரிவுகள் அப்படியே இருக்கு. 200 மீட்டரும் அப்படியே இருக்கு.

இதைப் படிக்கிறவங்களில் யாருக்காவது தேவைப்படலாம் என்பதால் இதையும் எழுதிடறேன். எச்ஐவி பரிசோதனை அரசு மருத்துவமனைகளில் இருக்கும் 'நம்பிக்கை மையம்' என்ற அறையில் இலவசம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உண்டு. நீங்க சம்மதிக்காமல் பரிசோதிக்கவோ, முடிவை வெளியே சொல்லவோ 2017-ஆம் வருஷச் சட்டப்படி யாருக்கும் உரிமை இல்லை. ஆணுறை கிழிந்தாலோ, யாராவது பலவந்தப்படுத்தினாலோ 72 மணி நேரத்துக்குள் வந்தால் எச்ஐவி தொற்றாமல் தடுக்க 28 நாள் மாத்திரை இருக்கு. எவ்வளவு சீக்கிரம் வர்றீங்களோ அவ்வளவு நல்லது, அர்த்த ராத்திரியா இருந்தாலும் அவசரப் பிரிவுக்கு வாங்க. சந்தேகம் கேட்க 1097, கட்டணம் கிடையாது. என்ன தொழில், எந்த ஊர் என்று அங்கே சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.